லாக் எழுதுகிறவர்களுக்கு, லாக் படிக்கிறவர்களிடமிருந்து: ஒரு திறந்த மடல்

கால் சென்டர் மென்பொருளை வடிவமைக்கிற, எழுதுகிற, சோதித்து வெளியிடுகிற பொறியாளர்களுக்கும் அவர்களுடைய மேலாளர்களுக்கும்,

வணக்கம்.

நீங்கள் எழுதி வெளியிட்ட மென்பொருளை, அது ஓடுகிற இடத்திலிருந்து வெகு தொலைவில் உட்கார்ந்து இரவும் பகலும் கண்காணிக்கிற கூட்டத்தில் நானும் ஒருவன். அழைப்புகளுக்குப் பதில் சொல்லும் ஏஜென்ட்கள் உட்கார்ந்திருக்கும் கூடத்தை நாங்கள் பார்த்ததில்லை. சர்வர் அறைக்கு வழி எந்தப் பக்கம் என்றுகூடத் தெரியாது. லைன் கரகரத்தால் எங்கள் காதில் விழாது. கால் வராமல் நூறு பேர் சும்மா உட்கார்ந்திருந்தாலும் எங்கள் கண்ணில் படாது. எங்களுக்கு வந்து சேருவதெல்லாம் உங்கள் மென்பொருள் தான் செய்வதைக் குறித்துவைக்கும் பதிவான லாக் வரிகளும் அது அனுப்பும் அலாரங்களும்தான். அவற்றில் இல்லாத எதுவும் எங்களைப் பொறுத்தவரை நடக்கவே இல்லை.

அந்த வரிகளை நீங்கள் உங்களுக்காகவே எழுதிக்கொள்கிறீர்கள் என்பதுதான் என் குறை. கோட் இந்த இடத்தைத் தாண்டுகிறதா என்று பார்ப்பதற்காக எப்போதோ போட்ட வரி, அப்படியே வாடிக்கையாளரின் சர்வர்வரை வந்துவிடுகிறது. "ஸ்டேட் 7இலிருந்து 4க்கு மாறியது" என்று ஒரு வரி வரும். 7 என்றால் என்ன, 4 என்றால் என்ன என்பது உங்கள் கோடுக்குள் இருக்கிறது. எங்களிடம் கோட் இல்லை. உங்களுக்கு டிக்கெட் (கோளாறுப் புகார்) போட்டால், பதிலாக "டிபக் லெவலை ஏற்றிவிட்டு (பிழை தேட உதவும் நுணுக்கங்களையும் எழுதவைத்துவிட்டு), பிரச்சினை மறுபடி வரும்வரை காத்திருந்து லாகை அனுப்பவும்" என்று வருகிறது. மறுபடி வரக்கூடாது என்பதற்காகத்தானே டிக்கெட் போட்டோம்!

ஒரு விஷயத்தை மட்டும் விரிவாகச் சொல்லிவிடுகிறேன். அதில் ஒரு மனிதரின் சம்பளம் மாட்டிக்கொண்டிருக்கிறது.

கியூவில் காத்திருக்கும் கால் ஒரு ஏஜென்டுக்குப் போகிறது. குறித்த நொடிகளுக்குள் அவர் எடுக்காவிட்டால், மென்பொருள் அந்தக் காலைத் திரும்பவும் கியூவில் போட்டுவிட்டு ஏஜென்டை 'நாட் ரெடி' நிலைக்குத் தள்ளிவிடும். லாகில் "ஏஜென்ட் பதிலளிக்கவில்லை" என்று விழும். மாதக் கடைசியில் யாரோ இந்த வரிகளைக் கூட்டிப் பார்த்து, இந்த ஆள் வேண்டுமென்றே காலைத் தவிர்க்கிறார் என்று முடிவு கட்டுவார். சரி, அந்த ஏஜென்டின் போனில் மணி அடித்ததா? 2002இல் ஆர்எஃப்சி 3261 என்ற இணையத் தரநிலை ஆவணமாக வெளிவந்த, கால்களை இணைக்கும் எஸ்ஐபி நெறிமுறைப்படி, போன் மணியடிக்கத் தொடங்கியதும் 180 என்ற பதிலை அனுப்பும். 180 வந்தும் யாரும் எடுக்கவில்லை என்றால் ஏஜென்ட் எடுக்கவில்லை என்று சொல்லலாம். (180 வந்ததாலேயே ஹெட்செட்டில் சத்தம் கேட்டது என்று சத்தியம் செய்ய முடியாதுதான், ஆனாலும் அது ஒரு சாட்சி.) 180 வரவே இல்லை என்றால், அந்தக் கால் அவருடைய மேசையை எட்டியதற்கு எந்த அத்தாட்சியும் கிடையாது. வைஃபை போயிருக்கலாம், ஃபயர்வால் பழைய இணைப்பை மூடியிருக்கலாம், சாஃப்ட்போன் (கணினியில் ஓடும் போன்) தொங்கிப்போயிருக்கலாம்.

இந்த இரண்டும் வேறு வேறு சம்பவங்கள். உங்கள் சர்வருக்கு அந்த வித்தியாசம் அந்த நொடியிலேயே தெரியும். தெரிந்தும் இரண்டையும் ஒரே வரியாக எழுதுகிறது. ஒரே வரிசையில் உட்கார்ந்திருந்த ஏஜென்ட்கள் அத்தனை பேருக்கும் ஒரே நேரத்தில் "பதிலளிக்கவில்லை" விழுந்ததை நான் பார்த்திருக்கிறேன். அவர்களுடைய நெட்வொர்க் ஸ்விட்ச் ரீஸ்டார்ட் ஆகியிருந்தது. அது தெரியவருவதற்குள் மேற்பார்வையாளர் மெமோ கொடுத்து முடித்துவிட்டார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை, அவர் முன்னால் இருந்த ரிப்போர்ட் அப்படித்தான் சொன்னது. "மணி அடித்தது, எடுக்கவில்லை" என்று ஒன்றும் "போனிடமிருந்து பதிலே இல்லை" என்று இன்னொன்றும் ஆக இரண்டு நிகழ்வுகளாகப் பிரித்து எழுத உங்களுக்கு எவ்வளவு நேரம் ஆகும்?

இதிலேயே இன்னொன்றும் இருக்கிறது. இயந்திரம் எப்படி இருக்கிறது என்று பார்ப்பதற்காக எழுதப்படும் லாகை, மனிதர்களை எண்ணுவதற்கு எடுத்துக்கொள்கிற பழக்கம் பரவிவிட்டது. யார் எத்தனை முறை எழுந்து போனார் என்று எங்களிடமே கேட்கிறார்கள். அந்தக் கேள்விக்குப் பதில் தேடித்தர நான் விரும்புவதில்லை. ஆனால் லாக் அதற்கும் பயன்படும் என்று ஆகிவிட்ட பிறகு, அதில் பாதி உண்மை இருப்பது முழுப் பொய்யைவிட மோசம்.

அடுத்தது, கால்களைத் தேடிக் கண்டுபிடிக்கும் பாடு. "பேசிக்கொண்டிருக்கும்போதே கட் ஆகிவிட்டது" என்று ஒரு வாடிக்கையாளர் புகார் கொடுக்கிறார். அந்த ஒரே ஒரு கால் தொலைபேசி நிறுவனத்தின் டிரங்க் (இணைப்புத் தடம்) வழியாக, நெட்வொர்க் எல்லையில் நிற்கும் எஸ்பிசி என்ற பெட்டிக்குள் நுழைந்து, பதிவுக் குரலில் மெனு சொல்லும் ஐவிஆரில் இரண்டு எண்களை அழுத்த வைத்து, கியூவில் நின்று, ஏஜென்டின் சாஃப்ட்போனுக்குப் போயிருக்கிறது. போகும் வழியில் ரெக்கார்டிங் சர்வருக்கு ஒரு பிரதியும், வாடிக்கையாளர் விவரத்தைத் திரையில் காட்டும் மென்பொருளுக்கு ஒரு தகவலும் போயிருக்கின்றன. ஒவ்வொன்றும் தன் பங்குக்கு லாக் எழுதியிருக்கிறது, ஒவ்வொன்றும் அந்தக் காலுக்குத் தனித்தனி அடையாள எண் கொடுத்திருக்கிறது. எஸ்ஐபியில்தான் கால்-ஐடி இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. ஆனால் நடுவில் உட்கார்ந்திருக்கும் எஸ்பிசி ஒரு பக்கத்துக் காலைத் தன்னோடு முடித்துக்கொண்டு, மறுபக்கம் புதுக் கால் ஒன்றைத் தொடங்குகிறது. அதற்குப் புது ஐடி. அப்புறம் டிரான்ஸ்ஃபர் ஆனால் இன்னொரு ஐடி.

ஆகவே நாங்கள் அழைத்தவரின் எண்ணையும் நேரத்தையும் வைத்துக்கொண்டு, இந்த லாகில் இருக்கும் கால்தான் அந்த லாகில் இருக்கும் காலா என்று ஜோடி சேர்க்கிறோம். ஒரு பெரிய அலுவலகத்திலிருந்து ஒரே எண்ணில் பல பேர் அழைத்திருந்தால் அந்த வழியும் அடைபட்டுவிடும். இதற்கென்றே 2016இல் ஆர்எஃப்சி 7989 வந்தது. நடுவில் எத்தனை பெட்டி இருந்தாலும் மாறாமல் தொடரும் செஷன்-ஐடி என்ற தலைப்புவரியை அது வரையறுக்கிறது. அதைப் பின்பற்றுங்கள், அல்லது உங்களுடையதாகவே ஒரு எண்ணை உருவாக்கி முதல் பெட்டியிலிருந்து கடைசிப் பெட்டிவரை கொண்டுபோங்கள். ரெக்கார்டிங் ஃபைலின் பெயரிலும் அது இருக்கட்டும்.

நேரத்தைப் பற்றி நீட்டி எழுத வேண்டியதே இல்லை. ஆனாலும் எழுத வேண்டியிருக்கிறது. ஒரு பெட்டி யூடிசியில் (உலகப் பொது நேரத்தில்) எழுதுகிறது. இன்னொன்று உள்ளூர் நேரத்தில், எந்த ஊர் நேரம் என்று சொல்லாமல் எழுதுகிறது. மூன்றாவது பன்னிரண்டு மணிக் கணக்கில் எழுதிவிட்டு, முற்பகலா பிற்பகலா என்பதை விட்டுவிடுகிறது. கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளிவைக்கும் நாடுகளில், அந்த ஒரு நாள் ராத்திரி சில கால்கள் தொடங்குவதற்கு முன்பே முடிந்துவிடுகின்றன. பேசிய நேரம் மைனஸில் காட்டும் ரிப்போர்ட்டை நீங்களும் பார்த்திருப்பீர்கள். நெட்வொர்க் வழியாகக் கடிகாரங்களை ஒத்துவைக்கும் என்டிபியை டேவிட் மில்ஸ் 1985இலேயே எழுதிக் கொடுத்துவிட்டார். லாக் வரியில் யூடிசியோடு எவ்வளவு வித்தியாசம் என்பதையும் மில்லிநொடியையும் சேர்த்து எழுதுவதற்குப் புதுத் தொழில்நுட்பம் எதுவும் தேவையில்லை.

எல்லாரும் மோசமாக எழுதுகிறார்கள் என்று சொல்ல மாட்டேன். 1999இல் மார்க் ஸ்பென்சர் தொடங்கிய, திறந்தமூலத் தொலைபேசி மென்பொருளான ஆஸ்டரிஸ்கை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் கியூ லாக் பார்க்க ஒன்றும் அழகாக இருக்காது. செங்குத்துக் கோடுகளால் பிரிக்கப்பட்ட எண்களும் சொற்களும், அவ்வளவுதான். காத்திருந்த ஒருவர் பொறுமையிழந்து போனை வைத்துவிட்டால் 'அபேண்டன்' என்று ஒரு வரி வரும். அதன் கடைசியில் மூன்று எண்கள் இருக்கும். உதாரணத்துக்கு 3, 9, 412 என்று வைத்துக்கொள்வோம். போனை வைக்கும்போது அவர் வரிசையில் மூன்றாவது ஆளாக இருந்தார், சேரும்போது ஒன்பதாவது ஆள், காத்திருந்தது 412 நொடி. இன்னும் இரண்டே பேர் முன்னால் இருந்த நிலையில் விட்டுவிட்டுப் போயிருக்கிறார். இந்த ஒரு வரியைப் படித்ததும், கியூவில் எத்தனையாவது ஆள் என்று அவருக்கு அறிவிப்பு ஒலித்ததா என்று போய்ப் பார்க்கத் தோன்றுகிறது. பேசி முடித்த காலுக்கும் அப்படித்தான். போனை வைத்தது ஏஜென்டா, அழைத்தவரா என்று இரண்டு தனி நிகழ்வுகளாக எழுதுகிறது. எழுதியவர்கள், படிக்கப் போகிறவர் என்ன கேட்பார் என்று ஒரு நிமிஷம் யோசித்திருக்கிறார்கள். காசு கொடுத்து வாங்கும் சில மென்பொருள்களில் இதே இடத்தில் "கால் முடிந்தது, காரணம் 0" என்றுதான் இருக்கிறது.

இனி அலாரங்களுக்கு வருகிறேன். எங்கள் கூட்டத்தில் அதிகம் பேரை வேலையை விட்டு ஓடவைக்கும் விஷயம் இதுதான்.

லாக் வரிகளை அனுப்பும் பொது முறையான சிஸ்லாகில் தீவிரத்துக்கு எட்டுப் படிகள் உண்டு. 0 என்றால் முற்றிலும் செயலிழந்துவிட்டது, 7 என்றால் டிபக். 1980களில் எரிக் ஆல்மன் தன் சென்ட்மெயில் என்ற மின்னஞ்சல் மென்பொருளோடு சேர்த்து உருவாக்கியதன் வழியில் வந்த ஏற்பாடு அது. எட்டுப் படி இருந்தும் உங்கள் மென்பொருள் இரண்டைத்தான் பயன்படுத்துகிறது. அதிலும் தலைகீழாக. ஏஜென்ட் எடுப்பதற்குள் அழைத்தவர் போனை வைத்துவிட்டால் எஸ்ஐபியில் 487 என்று வரும். இதைவிடச் சாதாரணமான சம்பவம் கால் சென்டரில் கிடையாது. அதை 'எரர்' என்று எழுதுகிறீர்கள், நாள் முழுக்க ஆயிரக்கணக்கில். டேட்டாபேஸ் இணைப்பு ஐந்தாவது முறையாக அறுந்து ஒட்டிக்கொண்டதை 'தகவல்' என்று எழுதுகிறீர்கள். முதலாவதை நாங்கள் வடிகட்டித் தூக்கிப் போட்டாக வேண்டும். இரண்டாவது அந்த வடிகட்டியைத் தாண்டி வருவதே இல்லை. புலி வருகிறது என்று நாள்தோறும் கத்தும் பையனாக அலாரத்தை வளர்த்துவிட்டு, புலி வந்த அன்று ஏன் யாரும் எழுந்து வரவில்லை என்று கேட்பது நியாயமா?

இது வெறும் எரிச்சல் அல்ல. 2014 ஏப்ரல் 9ஆம் தேதி நள்ளிரவை ஒட்டி, அமெரிக்காவில் 911 அவசர அழைப்புகள் ஏழு மாநிலங்களில் ஏறத்தாழ ஆறு மணி நேரத்துக்குக் கிடைக்காமல் போயின. ஒரு கோடிக்கு மேற்பட்ட மக்கள் வாழும் பகுதி. 6,600க்கும் மேற்பட்ட அழைப்புகள் போய்ச் சேரவில்லை. வீட்டுக்குள் ஒருவன் புக முயன்றுகொண்டிருந்தபோது ஒரு பெண் குறைந்தது 37 முறை அழைத்துப் பார்த்திருக்கிறார். புயல் இல்லை, கேபிள் அறுபடவில்லை. கொலராடோவில் இருந்த ஒரு மையத்தில், வரும் ஒவ்வொரு அழைப்புக்கும் எண் கொடுக்கும் கவுன்ட்டருக்கு மென்பொருள் எழுதியவர்கள் ஒரு உச்சவரம்பு வைத்திருந்தார்கள். அன்றைக்குக் கவுன்ட்டர் அந்த வரம்பைத் தொட்டுவிட்டது. புது எண் கொடுக்க முடியவில்லை, எண் இல்லாத அழைப்பைத் திருப்பிவிட முடியவில்லை. மாற்று மையம் மயாமியில் நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. ஆனால் அங்கே மாற வேண்டும் என்ற புத்தி அமைப்புக்கு வரவில்லை, ஏனென்றால் அதன் கணக்கில் பெரிதாக எதுவும் கெட்டுப்போகவில்லை.

அமெரிக்கத் தகவல் தொடர்பு ஆணையம் அந்த ஆண்டு அக்டோபரில் வெளியிட்ட அறிக்கை, மென்பொருள் பிழையோடு இன்னொன்றையும் குறிப்பிட்டது. அலாரங்களைக் கையாண்ட விதம் போதாமல் இருந்ததால்தான், கோளாறு எங்கே என்று கண்டுபிடிக்க அவ்வளவு நேரமானது. ராத்திரி ஷிப்டில் உட்கார்ந்திருந்தவர்களை நினைத்துக்கொள்கிறேன். வரம்பு நெருங்கும்போதே "கவுன்ட்டர் 90 சதவீதத்தைத் தொட்டுவிட்டது, தாண்டினால் புது அழைப்பு ஏற்க முடியாது" என்று ஒரு வரி விழுந்திருந்தால், யாரோ ஒருவர் பகல் வேளையிலேயே அதைச் சரிசெய்திருப்பார். உங்கள் மென்பொருளிலும் இப்படிப்பட்ட வரம்புகள் இருக்கின்றன. லைசென்ஸ் எண்ணிக்கை, ஒரே நேரத்தில் தாங்கும் சேனல்கள், ரெக்கார்டிங் டிஸ்க், சான்றிதழ் காலாவதி. எல்லாம் தொட்ட பிறகுதான் பேசுகின்றன.

எதுவும் நடக்காததை எழுதும் லாகை நான் இதுவரை பார்த்ததே அபூர்வம். காலை வேளையில் வழக்கமாகக் கால் கொட்டும் கியூவில் பத்து நிமிஷமாக ஒரு காலும் வரவில்லை என்றால், உங்கள் டாஷ்போர்டு பச்சையாக இருக்கும். காத்திருப்பவர் 0, கைவிட்டவர் 0, 20 நொடிக்குள் எடுக்கப்பட்டவை 100 சதவீதம். மிகச் சிறந்த காலைப்பொழுது! டிரங்க் விழுந்து கிடக்கும். எங்கள் பக்கத்திலிருந்து நாங்களே அவ்வப்போது ஒரு சோதனைக் கால் போட்டு, ஐவிஆர் குரல் வருகிறதா என்று பார்த்துக்கொள்கிறோம். நீங்கள் செய்யக்கூடியது இதைவிடச் சுலபம். நிமிஷத்துக்கு ஒரு வரி: நான் உயிரோடு இருக்கிறேன், கடைசிக் கால் வந்தது இத்தனை நொடிக்கு முன்பு. அந்த வரி வராமல் போனாலும் செய்தி, வந்து அதில் எண் பெரிதானாலும் செய்தி.

ஒரு பக்கக் குரல் மட்டும் கேட்கும் கோளாறும் இந்த வகைதான். அழைப்பை இணைக்கும் எஸ்ஐபி ஒரு வழியில் போகிறது, குரலைச் சுமக்கும் ஆர்டிபி வேறு வழியில் போகிறது. முதலாவது ஒழுங்காகப் போய்ச் சேர்ந்து 200 ஓகே (இணைந்தது) என்ற பதிலை வாங்கிவிடும். இரண்டாவதை ஃபயர்வால் ஒரு திசையில் மட்டும் மறித்துவிடும். வாடிக்கையாளர் "ஹலோ, ஹலோ" என்று கத்திவிட்டு வைத்துவிடுகிறார். லாகில் அது வெற்றிகரமாக முடிந்த கால். சராசரிப் பேச்சு நேரம் குறைந்திருப்பதைப் பார்த்து மேலாளர்கள் மகிழ்ச்சியடைந்த கதையும் உண்டு. ஆர்டிபியோடு கூடவே பிறந்த ஆர்டிசிபி, எத்தனை பாக்கெட் (குரலின் சிறு துண்டு) போனது, எத்தனை தொலைந்தது, ஜிட்டர் (அவை வந்து சேரும் இடைவெளியின் ஏற்ற இறக்கம்) எவ்வளவு என்றெல்லாம் இரு பக்கமும் சொல்லிக்கொள்ளும் ஏற்பாடு. 2003இன் ஆர்எஃப்சி 3550இல் இரண்டும் ஒன்றாகத்தான் இருக்கின்றன. கால் முடியும்போது ஒவ்வொரு திசையிலும் வந்த பாக்கெட் எண்ணிக்கையை ஒரே வரியில் எழுதுங்கள். ஒரு பக்கம் பூஜ்யம் என்று இருந்தால் மீதியை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

போகிற போக்கில் ஒன்று. சிஸ்லாகை இன்னமும், போய்ச் சேர்ந்ததா என்று பார்க்காத யூடிபியில் மட்டும் அனுப்புகிறீர்கள். நெட்வொர்க் திணறும்போது முதலில் தொலைவது, நெட்வொர்க் திணறுகிறது என்று சொல்ல வந்த அந்த வரிதான். என்கிரிப்ட் செய்யும் டிஎல்எஸ் வழியாக அனுப்பும் முறை 2009இலேயே தரப்படுத்தப்பட்டுவிட்டது. அனுப்ப முடியாதபோது உள்ளேயே சேமித்து வைத்து, வரிசை எண்ணோடு பிறகு அனுப்பினால், நடுவில் எது விடுபட்டது என்றாவது தெரியும்.

இத்தனை நேரம் அதிகமாக எழுதுங்கள் என்று கேட்டேன். எழுதவே கூடாததையும் சொல்ல வேண்டும். ஐவிஆரில் அழைத்தவர் அழுத்தும் எண்களை டிபக் லாகில் ஒன்றுவிடாமல் எழுதுகிற பழக்கத்தை நிறுத்துங்கள். மெனுவில் 1 அழுத்தினாரா 2 அழுத்தினாரா என்பது எங்களுக்குத் தேவை. பதினாறு இலக்க அட்டை எண்ணும், அதன் பின்னால் இருக்கும் மூன்று இலக்க எண்ணும் தேவையில்லை. அந்த மூன்று இலக்கத்தை, பணப் பரிமாற்றத்துக்கு அனுமதி கிடைத்த பிறகு என்கிரிப்ட் செய்துகூட வைத்திருக்கக் கூடாது என்கிறது பண அட்டைகளுக்கான பிசிஐ டிஎஸ்எஸ் பாதுகாப்பு விதி. உங்கள் லாக் அதை எங்கள் சர்வருக்கு, எங்கள் பேக்கப்புக்கு, எங்கள் தேடுபொறிக்குள் எல்லாம் கொண்டுவந்து போட்டுவிடுகிறது. அதைத் துடைத்து எடுக்கும் வேலை, வந்த வழியிலேயே தடுப்பதைவிடப் பல மடங்கு.

வெளியிலிருந்து வரும் எழுத்துகளை அப்படியே லாகில் கொட்டுவது இன்னொரு ஆபத்து. 2021 டிசம்பரில், லாக் எழுத உதவும் லாக்4ஜே மென்பொருள் நூலகத்தில் வெளிப்பட்ட ஓட்டையை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். வெளியாள் அனுப்பும் ஒரு சொற்றொடரை லாகில் எழுதினாலே போதும், சர்வர் அவன் கைக்குப் போய்விடும் என்ற நிலை. அழைத்தவர் பெயர் என்று எஸ்ஐபியில் வருவதும் வெளியாள் எழுதி அனுப்புவதுதான். அதேபோல, தொலைவிலிருந்து பார்க்க வேண்டும் என்றதும் எல்லா அதிகாரமும் உள்ள ஒரே கணக்கைத் தந்து, 'பப்ளிக்' என்ற எஸ்என்எம்பி (கருவிகளைக் கண்காணிக்கும் நெறிமுறை) கடவுச்சொல்லை மாற்றாமல் விட்டுவிடுகிறீர்கள். எங்களுக்குப் படிக்க மட்டும் உரிமை உள்ள கணக்கு கொடுங்கள். ரீஸ்டார்ட் செய்யும் உரிமை தனியாக இருக்கட்டும், அதை யார் எப்போது பயன்படுத்தினார்கள் என்பதும் லாகில் விழட்டும், எங்கள் ஆட்கள் உட்பட.

செலவைப் பற்றி உங்கள் மேலாளர்கள் கேட்பார்கள் என்று தெரியும். லாகுக்கு யாரும் காசு கொடுப்பதில்லை, விற்பனைப் பட்டியலில் அது ஒரு வரிகூட இல்லை. ஆனால் உங்கள் ஆதரவுக் குழுவுக்கு வரும் டிக்கெட்களைப் புரட்டிப் பாருங்கள். என்ன கெட்டுப்போனது என்று கண்டுபிடிக்க ஓடிய நாட்கள் எத்தனை, கண்டுபிடித்தபின் சரிசெய்ய ஆன மணிநேரம் எத்தனை என்று அவர்களிடமே கேட்டுவிட்டு வந்து செலவைப் பற்றிப் பேசுங்கள்.

அடுத்த வெளியீட்டுக்கு முன்பு ஒரே ஒரு காரியம் செய்யுங்கள். உங்கள் மென்பொருள் எழுதக்கூடிய நிகழ்வுகளின் முழுப் பட்டியலை, ஒவ்வொன்றுக்கும் எதிரே "இது வந்தால் படிப்பவர் என்ன செய்ய வேண்டும்" என்று ஒரு வரி சேர்த்து, எங்களைப் போன்ற நாலு கண்காணிப்புக் குழுக்களுக்கு அனுப்புங்கள். எதிரே எழுத எதுவும் தோன்றாத நிகழ்வுகளை அலாரமாக அனுப்பாதீர்கள். மீதியை நாங்கள் குறிப்போடு திருப்பி அனுப்புகிறோம். அதற்குக் கட்டணம் எதுவும் கேட்க மாட்டோம்.

இப்படிக்கு,
ராத்திரி ஷிப்டில் உங்கள் லாகைப் படித்துக்கொண்டிருக்கும் கண்காணிப்புப் பொறியாளர் ஒருவர்